கர்ப்பத்தில் சென்றது

அந்தக் காலத்தில் காகம் பேசினால் மனிதன் நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் போவான். நூற்றிருபது வயதுக்கு முன்னால் யாருக்கும் சாவும் கிடையாது. ஒன்பது கிரகங்களும் ஒவ்வொருவர் வாழ்வையும் முறை வைத்து ஆண்டன. சுக்கிரன் இருபது வருஷம், சனி பத்தொன்பது, ராகு பதினெட்டு என்று ஒன்பது பேருடைய திசையும் ஓடி முடிந்தால் நூற்றிருபது. அதில் ஒரு நாள் கூடாது, ஒரு நாள் குறையாது.

பிறப்பும் அப்படித்தான் முறையாக நடந்தது. வானத்தில் இருபத்தேழு நட்சத்திர வீடுகள். நிலா நாளுக்கொரு வீட்டில் தங்கிப் போகும். அது ஒரு வீட்டு வாசற்படியில் கால் வைக்கும் முதல் நாழிகையில்தான் பிள்ளைகள் பிறந்தன. அந்த வீட்டுக்கு உடைய கிரகத்தின் திசை அந்தப் பிள்ளைக்கு முழுசாகத் தொடங்கும். பரணியில் பிறந்தவனுக்குச் சுக்கிரனின் இருபது வருஷமும் பாலும் சோறுமாகப் போகும். பூசத்தில் பிறந்தவனுக்குச் சனியின் பத்தொன்பது.

ஆற்றங்கரை ஊர் ஒன்றில் இருளப்பன் என்று ஒருவன் இருந்தான். ஊருக்கு நாழிகை பார்ப்பது அவன் வேலை. பெரிய அண்டாவில் நீர் நிரப்பி, அதன்மேல் ஒரு செப்பு வட்டிலை மிதக்க விடுவான். வட்டிலின் அடியில் ஊசிமுனை அளவுக்கு ஓர் ஓட்டை. நீர் மெல்ல ஏறி வட்டில் முழுகினால் ஒரு நாழிகை. உடனே சேகண்டியை ஒரு தட்டு தட்டுவான். முழுகிய வட்டிலை எடுத்துக் கவிழ்த்து மறுபடி மிதக்க விடுவான். அறுபது முறை முழுகினால் ஒரு நாள். மனிதர் மட்டுமல்ல, வானத்தில் இருப்பவர்களும் அந்த ஊருக்கு அவன் வட்டிலைத்தான் கேட்டார்கள்.

அவனுக்கும் அவன் மனைவி பவளாயிக்கும் முதல் பிள்ளை மருதன் பூசத்தில் பிறந்தான். பிறந்த அன்று படுத்தவன்தான். கழுத்து நிற்கவில்லை. பார்வை கூரையைவிட்டு இறங்கவில்லை. கஞ்சியைத் துணியில் நனைத்து வாயில் பிழிவாள் பவளாயி. பாதி கன்னத்தில் வழியும். முதுகில் புண் வந்து ஆறும், ஆறிய இடத்திலேயே மறுபடி வரும். சாவு இல்லாத காலம் என்பதால் அவனுக்கு அந்த வழியும் இல்லை. மீசை முளைத்த பிறகும் அவள் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போய்க் கழுவிக் கொண்டு வந்தாள்.

பத்தொன்பது வருஷம் முடிந்த காலையில் மருதன் எழுந்து உட்கார்ந்தான். பவளாயி அலறிக்கொண்டு ஓடினாள். அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"நீங்க யாரு?" என்றான்.

அதுதான் அவன் பேசிய முதல் பேச்சு. பத்தொன்பது வருஷமும் அவனுக்குள் ஒன்றும் தங்கவில்லை. நாலு நாள் வயிறாரச் சாப்பிட்டான், ஐந்தாம் நாள் ஆற்றைக் கடந்து போனான். திரும்பிப் பார்க்கவில்லை.

பல வருஷம் கழித்துப் பவளாயி மறுபடி உண்டானாள். மருத்துவச்சி சடைச்சி வயிற்றைத் தடவிப் பார்த்து விரல் மடக்கினாள். அவள் விரல் மடக்கினால் தப்பாது. சுண்டுவிரலில் வந்து நின்றவள் வாயை மூடிக்கொண்டாள்.

"சொல்லு அக்கா. என்ன நட்சத்திரம்?"

"என்னத்தைச் சொல்ல. பூசம்தான்டி."

பவளாயி அழவில்லை. எழுந்து போய்ச் சோற்றை எடுத்துக் கூரையோரம் வைத்தாள். தினமும் அங்கே ஒரு காகம் வரும். அது சனியின் காகம். ஊரே அறியும்.

"அடே கரியா," என்றாள். "இத்தனை வருஷமா என் சோத்தைத் தின்னிருக்கே. ஒண்ணு கேக்கிறேன். உன் எசமான் இந்தப் பிள்ளையை விடுவாரா?"

"விடுறதா? அவரு பிடிக்கிறவரு. விடுற வேலை அவருக்குத் தெரியாது," என்றது காகம், அலகைத் துடைத்தபடி.

"அப்போ என்னைப் பிடிக்கட்டும். பிள்ளைக்கு உள்ளதை நான் படுறேன்."

காகம் பருக்கையை விட்டுவிட்டு அவளைப் பார்த்தது. பிறகு பறந்து போனது. மூன்று நாள் வரவில்லை. நாலாம் நாள் வந்து, இருளப்பனும் இருக்கும்போது சொன்னது.

"கேட்டேன். பத்தொன்பதும் ஓடியே ஆகணும்கிறாரு. வெளியே ஓடினா என்ன, வயித்துக்குள்ளே ஓடினா என்ன, அவருக்கு ஒண்ணுதான். பூச வாசல்ல வலி வரும். அப்போ பெத்துடாதே. தாங்கிப் பிடி. ஒரு வட்டில் முழுகினா பிள்ளைக்கு நாலு மாசம் கிட்ட கழியும். அறுபது வட்டிலும் தாங்கிட்டா சனி முடிஞ்சுது. பிள்ளை அடுத்த வீட்டுல புதன் திசையில பிறக்கும்."

"கழியிறது எங்கே போகும்?" என்று கேட்டான் இருளப்பன்.

"வயித்துக்கு உடையவ மேலே. வேறெங்கே?"

"இவ தாங்குவாளா?"

"என் எசமானுக்குக் கால் ஊனம், இருளா. மெதுவாத்தான் நடப்பாரு. ஊரெல்லாம் அதைச் சொல்லிச் சிரிக்குது. சிரிக்கட்டும்," என்றது காகம். "அவரு கணக்குக்கு உன் வட்டில்தான். ஒழுங்காப் பாரு."

இருளப்பனுக்கு அது ஏளனமாகப் பட்டது. கல்லை எடுத்தான். காகம் போய்விட்டது.

பூசத்தன்று விடியும்போது நிலா வாசற்படியில் கால் வைத்தது. பவளாயிக்கு வலி வந்தது. உத்தரத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துப் பெறுவதுதான் வழக்கம். அவள் கயிற்றைப் பிடிக்கவில்லை. ஒருக்களித்துப் படுத்து, தொடைகளைச் சேலையால் இறுகக் கட்டச் சொன்னாள்.

"என் கையால ஆயிரம் பிள்ளை எடுத்திருக்கேன். உள்ளே இருன்னு ஒண்ணையும் சொன்னதில்லை," என்று முணுமுணுத்துக்கொண்டே கட்டினாள் சடைச்சி.

வாசலில் அண்டாவை வைத்து இருளப்பன் வட்டிலை மிதக்க விட்டான். முதல் வட்டில் முழுகியது. சேகண்டி ஒலித்தது. உள்ளே பவளாயியின் முழங்கால் நொந்தது. இரண்டாவது முழுகியபோது ஒரு காதில் இரைச்சல் வந்தது. ஐந்தாவதில் நெற்றியோரம் நாலு மயிர் வெளுத்தது. ஒவ்வொன்றும் வந்தது, அவள் பல்லைக் கடித்தாள், அது அவளுக்குப் பழகியது, பிறகுதான் அடுத்தது வந்தது.

ஏழாவது வட்டிலில் அவன் எட்டிப் பார்த்தான். அவள் முகத்தில் மருதனின் முகத்தைக் கண்டான்.

"எத்தனை ஆச்சுங்க?"

"ஏழு."

"அவ்வளவுதானா?" என்று சிரிக்கப் பார்த்தாள். "பரவால்ல. நீங்க போய் வட்டிலைப் பாருங்க. இங்க நின்னு என்னைப் பாத்தா அது முழுகிடுமா?"

"தாங்குறா. நல்லாத்தான் தாங்குறா. நீ போ," என்றாள் சடைச்சி.

உண்மைதான். அவள் தாங்கினாள். தாங்க முடியாதவன் அவன்தான். இன்னும் ஐம்பத்து மூன்று. மறுநாள் விடியும்வரை. அண்டாவின் பக்கத்தில் உட்கார்ந்து வட்டிலையே பார்த்தான். ஓட்டையில் நீர் முத்து முத்தாக ஏறிக்கொண்டிருந்தது. அவன் வாழ்நாளில் அத்தனை மெதுவாக அது முழுகியதில்லை.

சனியின் கணக்குக்கு வட்டில்தான் என்றால், வட்டில் சீக்கிரம் முழுகட்டுமே. பொழுது சாய்வதற்குள் அறுபதும் முடியட்டுமே. அவள் படுவது பாதியாகுமே.

உள்ளே போய் ஓர் இரும்பு ஆணியை எடுத்து வந்தான். வட்டிலைக் கவிழ்த்து, ஓட்டையில் ஆணியை வைத்து, சேகண்டி தட்டும் கட்டையால் ஒரே ஒரு அடி அடித்தான்.

எட்டாவது வட்டில் பாதி நேரத்தில் முழுகியது. ஒன்பதாவதும் அப்படியே. சேகண்டி ஓயாமல் ஒலித்தது. அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

"வட்டில் ஓடுதா என்ன?" என்று உள்ளிருந்து கேட்டாள் சடைச்சி.

"உனக்குத்தான் பதற்றம். எப்பவும் போலத்தான் முழுகுது."

பதினைந்து முழுகியது. இருபது முழுகியது. இருபத்தைந்தில் சடைச்சி வெளியே ஓடி வந்தாள். அவள் உள்ளங்கையில் மூன்று பற்கள் இருந்தன.

"ஒண்ணு வந்து ஆறுறதுக்குள்ளே அடுத்தது விழுதுடா. மூச்சு விட இடமில்லை அவளுக்கு. என்ன பண்ணினே?"

இருளப்பன் மெழுகை உருட்டி ஓட்டையை அடைத்துப் பார்த்தான். ஈரச் செம்பில் மெழுகு ஒட்டவில்லை. இருக்கும் வட்டில் அது ஒன்றுதான். முழுகிய வட்டிலை எடுக்காமல் விட்டாலும், அந்த நாழிகையிலேயே கணக்கு நின்றுவிடும், மீதி கழியாது. அதனால் எடுத்தான், விட்டான், தட்டினான். அவள் குரல் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வயது கிழடாகிக்கொண்டு வந்தது.

முப்பத்தெட்டாவதில் அவனால் முடியவில்லை. அண்டாவுக்குள் கையை விட்டு, முழுகப் போன வட்டிலின் ஓட்டையை விரலால் அடைத்துப் பிடித்தான். வட்டில் நின்றது. நாழிகை நின்றது. உள்ளே வலியும் நின்ற இடத்திலேயே நின்றது. உச்சியில் நின்றது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பவளாயி மூச்சு விடாமல் கத்தினாள். ஆற்றில் நீர் குடித்த மாடுகள் தலை நிமிர்ந்து, "யாரது? விட்டுத் தொலைங்கப்பா!" என்று கேட்டன.

விரலை எடுத்தான்.

முப்பத்தொன்பது. நாற்பது. வெயில் மேற்கே சாய்ந்திருந்தது. நாற்பத்தொன்றாவதைத் தட்டியபோது உள்ளே சத்தமில்லை. பிறகு ஒரு குழந்தை அழுதது.

அவன் போனபோது சடைச்சி சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தாள். பாயில் நூற்றிருபதையும் வாழ்ந்து முடித்தவளைப்போல ஒரு கிழவி கிடந்தாள். தொடையைக் கட்டியிருந்த சேலை அவிழ்ந்திருந்தது. அவள் அவிழ்க்கவில்லை. பிடித்திருந்த பலம் போனதும் தானாக அவிழ்ந்தது. நூற்றிருபதுக்கு முன்னால் ஒரு மனுஷி சாவதை அந்த ஊர் அன்றுதான் பார்த்தது. சாவு என்று அதைச் சொல்லவே அவர்களுக்கு வெகுநேரம் ஆயிற்று.

காகம் கூரையோரம் வந்து உட்கார்ந்தது. அன்று அது எதையும் தின்னவில்லை.

"விடியும்போது நரைச்ச தலையோட எழுந்திருப்பா, இருளா. பிள்ளைக்குப் பால் கொடுத்திருப்பா," என்றது. "எசமான் மெதுவா நடக்கிறது ஊனத்தால மட்டும்னா நினைச்சே? வேகமா வந்தா மனுசன் தாங்க மாட்டான்னுதான்டா."

இருளப்பன் பிள்ளையை எடுத்துத் துணியில் சுற்றினான்.

"நாற்பத்தொண்ணு கழிஞ்சுது. பத்தொன்பது வட்டில் மிச்சம்," என்றது காகம். "கழிஞ்சது பிள்ளையோட ஆயுசுலயும் கழிஞ்சதுதான். இன்னொண்ணு. உள்ளே ஓட விடலாம்னு ஒரு வயிறு கத்துக்கிட்டா எல்லா வயிறும் கத்துக்கும். இனிமே எந்த வீட்டு வாசல்லயும் யாரும் பிறக்க மாட்டாங்க. நல்ல திசையும் குறையும், கெட்ட திசையும் குறையும். யாருக்கும் நூற்றிருபது முழுசா இல்லை."

அப்படியே ஆயிற்று. அடுத்த மாதம் பரணியில் பிள்ளை பெற்ற ஒருத்தி, சுக்கிரனில் பாதி வயிற்றிலேயே போய்விட்டது என்று இருளப்பன் வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றினாள். அவன் துடைத்துக்கொள்ளவில்லை.

பிறந்தது பெண். பத்தொன்பது வட்டிலுக்கு உள்ள சனி ஆறு வருஷமும் ஆறு நாளும். அத்தனை நாளும் அவள் படுத்துக் கிடந்தாள். இருளப்பன் கஞ்சியைத் துணியில் நனைத்துப் பிழிந்தான். முதுகுப் புண்ணைக் கழுவினான். இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போனான். ஏழாம் நாள் காலையில் அவள் எழுந்து உட்கார்ந்தாள். அவன் அண்டாவின் பக்கத்திலேயே நின்றான். கிட்டே போகப் பயமாக இருந்தது. அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்பா," என்றாள். பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். "அம்மா எங்கே?"

அவன் ஓலையும் எழுத்தாணியும் எடுத்து, அவள் பிறந்ததை எழுத உட்கார்ந்தான். திசையின் பெயரை எழுதுவதற்கு முன்னால், கழிந்ததை முதல் வரியில் எழுதினான். அதை யார் பட்டது என்று எழுதப் போனவன் கை ஓடாமல், அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டான்.

அன்று தொட்டுத்தான் எந்தப் பிள்ளைக்கு ஜாதகம் எழுதினாலும் கர்ப்பத்தில் சென்றது நீக்கி மீதி இருப்பு இத்தனை வருஷம், இத்தனை மாதம், இத்தனை நாள் என்று முதலில் எழுதுகிறார்கள். அது யார்மேல் சென்றது என்று மட்டும் எழுதுவதில்லை.