ராஜா கையில் பச்சை பூத்த காப்பு

முன்னொரு காலத்தில் மஞ்சனூர் நாட்டை வீரபுயங்கன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். ராஜாக்களோடு எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. எங்கள் வார்டு மெம்பரே என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்ப்பார். ஆனாலும் இவரைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு. அவரைப் போலவே நானும் பளபளப்பைப் பார்த்து நகை வாங்குகிறவன், வாங்கியபின் கழற்றி வைக்காதவன். இதோ, எழுதுகிற விரலிலேயே பித்தளை மோதிரத்தின் பச்சைக் கறை.

வீரபுயங்கனுக்குத் தங்கம் சலித்துவிட்டது. "கையால் அடித்த நகைதான் வேண்டும்" என்று பிடிவாதம். மந்திரி கச்சிராயர் உலகாசாரியை அழைத்துவந்தார். ஆசாரி கைவேலைக்கும் பேர்போனவர், வாய்த்துடுக்குக்கும் பேர்போனவர்.

ராஜா ஒரு கைக்கு வெள்ளிக் காப்பும், மறு கைக்குப் பித்தளைக் காப்பும் எடுத்தார். "ஏன் ஆசாரி, காப்பில் அடித்திருக்கிற ஒரு பூ மாதிரி இன்னொரு பூ இல்லையே?"

"கையால அடிச்சது மகாராஜா. உங்க மீசையே ரெண்டு பக்கமும் ஒண்ணா இல்லையே!"

காப்பை ஆசையாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்த சபை கையை இழுத்துக்கொண்டது. ராஜா மீசையைத் தடவிப் பார்த்தார். "அதுவும் கைவேலைதானப்பா. காலையில் நானே முறுக்கினேன்" என்று சிரித்துவிட்டார்.

"குளிக்கும்போது கழட்டிடுங்க. வேர்வை பட்டா துணியால துடைங்க. பித்தளை மங்கினா புளி, வெள்ளி மங்கினா விபூதி. அவ்வளவுதான்" என்றார் ஆசாரி. ராஜா கண்ணாடி பார்த்துக்கொண்டே தலையாட்டினார்.

பிறகென்ன? காப்போடு எண்ணெய்க் குளியல், காப்போடு மல்யுத்தம், காப்போடு மாங்காய் ஊறுகாய். கொஞ்ச நாளில் வெள்ளி கறுத்தது. பித்தளை பச்சை பூத்தது. மணிக்கட்டைச் சுற்றிப் பச்சை வளையம்.

மந்திரி கொண்டுவந்தது எதுவும் பொக்கிஷதார் திருவேங்கடத்தையாவுக்குப் பிடிக்காது. வாய்ப்பு கிடைத்ததும் குதித்தெழுந்தார். "மகாராஜா! துரோகி கை பட்ட பித்தளைதான் பச்சை பூக்கும். ஆசாரியைக் குடும்பத்தோடு துரத்துங்கள்!"

ராஜா அதை அப்படியே நம்பிவிட்டார். ஆசாரி வீட்டிலோ மகள் நிறைமாதக் கர்ப்பிணி.

மந்திரி எழுந்தார். "ஐயா சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் காப்பை ஆசாரி மட்டுமா தொட்டார்? ஆசைப்பட்டு இந்தச் சபையே தொட்டுப் பார்த்ததே! அயலூர்ப் பித்தளைக் காப்பு வரவழைக்கிறேன். ஆசாரியும் நாங்களும் அடுத்த சபைவரை போட்டிருக்கிறோம். மகாராஜா தம்முடையதையே போட்டிருக்கட்டும். யார் கையில் பச்சை இருக்கிறதோ அவரே துரோகி. அன்று பொழுது சாய்வதற்குள் அவர் நாட்டை விட்டுப் போகட்டும்."

"அதுவே என் ஆணை!" என்றார் ராஜா.

அந்த வாரம் அரண்மனை ரசம் வெறும் வெந்நீர் மாதிரி இருந்தது. ராஜா சமையற்காரரைக் கூப்பிட்டார்.

"புளி இல்லீங்க மகாராஜா. பிரபுக்கள் வீட்டு ஆளுங்க மூட்டை மூட்டையா வாங்கிட்டுப் போயிட்டாங்க."

சபை கூடியது. எல்லார் கையும் தகதகவென்று மின்னியது. ராஜா இறங்கிவந்து ஒவ்வொரு கையாகப் பிடித்து மோந்து பார்த்தார். தளபதி கையில் புளி. புரோகிதர் கையில் புளி. புலவர் கையில் எலுமிச்சை. பாவம், அவருக்குப் புளி கிடைக்கவில்லை போலிருக்கிறது. ஆசாரியும் மந்திரியும் மட்டும், "நாங்கள் குளிக்கும்போது கழற்றினோம், துடைத்தோம், மங்கினபோது புளியும் போட்டோம்" என்று தாங்களே சொன்னார்கள்.

பொக்கிஷதார் கையில் சந்தன வாசனை. "நான் புளியைத் தொடவே இல்லை மகாராஜா!" என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

ஆசாரி எட்டிப் பார்த்தார். "எப்படித் தொடுவாரு? இது தங்கமாச்சே!"

பொக்கிஷதாரின் முகம் செத்துவிட்டது. "பச்சை பூத்துவிடுமோ என்று பயந்து..." என்று இழுத்தார்.

"உம்முடைய விசுவாசத்தை உம்மாலேயே நம்ப முடியவில்லை. நீர் ஆசாரி குடும்பத்தைத் துரத்தப் பார்த்தீரே!" ராஜாவுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. தங்கக் காப்பு ஆசாரி மகளுக்குப் போனது. அரண்மனைக் குத்துவிளக்குகளைத் தேய்க்கும் வேலை பொக்கிஷதாருக்கு வந்தது.

மந்திரி தொண்டையைக் கனைத்தார். "மகாராஜா, தங்கள் கை?"

ராஜா குனிந்து பார்த்தார். சபை முழுவதிலும் பச்சையாக இருந்த கை அது ஒன்றுதான்.

"பொழுது சாயப் போகிறது" என்றார் மந்திரி மெதுவாக.

ராஜா கிரீடம் நழுவுகிற அளவுக்குச் சிரித்தார். "கழற்றச் சொன்னதைக் கேட்காத காது என்னுடையது. யோசிக்காமல் ஆணை போட்ட வாயும் என்னுடையது. இப்படிப்பட்டவன் போவதுதான் நாட்டுக்கு நல்லது. மூட்டையைக் கட்டுங்கள்!"

உலகாசாரி பதறி ஓடிவந்து கையெடுத்துக் கும்பிட்டார். "வேண்டாம் மகாராஜா! நீங்க போயிட்டா, வர்ற புது ராஜாவுக்கு நான் மறுபடியும் முதல்லேருந்து சொல்லிக்குடுக்கணும்!"