இறங்கிப் பார்த்து வாங்கிய பூட்ஸ்

ஒரே ஒரு காடு. அந்தக் காட்டுக்கு ஒரே ஒரு மலை. அந்த மலையின் காலடியில் ஒரே ஒரு குளம். அந்தக் குளக்கரையில், இத்தி மரத்துக்குக் கீழே, ஒரே ஒரு பூட்ஸ் கடை.

கடைக்காரர் ஒரு முள்ளம்பன்றி. பெயர் ஈட்டியப்பன். ஊசி வாங்க அவர் எங்கேயும் போக வேண்டியதில்லை, முதுகுப் பக்கம் கையை விட்டால் போதும். பாக்கு மட்டையில் அடிப்பாகம், கற்றாழை நாரில் தையல், உள்ளே இலவம்பஞ்சு மெத்தை. மழை இறங்காமல் இருக்க மேலே பிசின் பூச்சு. மலை ஏறப் போகிற பிராணி எதுவானாலும் முதலில் அவர் கடைக்குத்தான் வரும்.

அளவு கொடுப்பதற்கு அங்கே ஒரு வழக்கம் இருந்தது. குளத்துக் களிமண்ணை வில்லையாகத் தட்டி, அதில் காலைப் பதிக்க வேண்டும். வில்லையை வெயிலில் காயவைத்து, கல் மாதிரி இறுகியதும் கடையில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். மரத்தடியில் இப்படி எத்தனையோ அச்சுகள் அடுக்கி வைத்திருந்தார் ஈட்டியப்பன்.

"அச்சுக்கும் என் பூட்ஸுக்கும் ஒரு நூல் வித்தியாசம் வந்தால் என் முள்ளை நானே பிடுங்கிப் போட்டுவிடுகிறேன்" என்பார். அது உண்மையும்கூட.

சில பேர் மலையிலிருந்து நொண்டிக்கொண்டு திரும்புவார்கள். "மலைன்னா வலிக்கத்தான் செய்யும்" என்று சொல்லி அனுப்பிவிடுவார். அவர் அந்த மலையில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. அதை யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

ஒரு கோடையில் குளத்துக்கு வருகிற தண்ணீர் நின்றுபோனது. மலை உச்சி ஊற்றின் வாயில் ஏதோ அடைத்துக்கொண்டது. எட்டு நாளில் குளம் பாளம் பாளமாக வெடித்தது. நடுவில் ஒரு தாம்பாளம் அளவுக்குத்தான் தண்ணீர் மிச்சம். அதில் அல்லியம்மா என்ற வாத்தின் ஏழு குஞ்சுகளும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. இன்னும் மூன்று பகல் தாங்கினால் பெரிது.

ஊற்றைத் திறக்க யார் போவது? இரண்டு பேர் முன்வந்தார்கள். ஒருத்தர் கீரி, பெயர் சிங்காரம். இன்னொருத்தி அல்லியம்மா. இரண்டு பேருக்கும் அதுதான் முதல் மலை. இரண்டு பேரும் களிமண் வில்லையில் கால் பதித்து, காயவைத்து, கொடுத்தார்கள். ஈட்டியப்பன் மறுநாள் காலைக்குள் தைத்து முடித்தார்.

காலையில் சிங்காரம்தான் முதலில் வந்தான். நான்கு கால் என்பதால் அவனுக்கு இரண்டு ஜோடி. மருதாணிச் சாயம் ஏற்றிய சிவப்பு பூட்ஸ். காலை உள்ளே திணித்தான். கொஞ்சம் மூச்சுப் பிடித்துத்தான் திணித்தான்.

"இறுக்கமா இருக்கா தம்பி?" என்றார் ஈட்டியப்பன்.

"இறுகினாத்தான் அண்ணாச்சி எடுப்பு. தொளதொளன்னு போட்டுக்கிட்டுப் போனா மலை மதிக்குமா?" என்று வாலைச் சுழற்றினான் கீரி.

அல்லியம்மாவும் விரலை ஒடுக்கித் தன் ஜோடியைப் போட்டுக்கொண்டாள். ஆனால் நன்றாயிருக்கிறது, இல்லை என்று எதுவும் சொல்லவில்லை. கடைக்குப் பக்கத்தில் ஒரு சரிவுப் பாறை இருந்தது. அதில் தத்தித் தத்தி ஏறினாள். உச்சியில் நின்றாள். திரும்பி இறங்கினாள். மறுபடி ஏறினாள், மறுபடி இறங்கினாள்.

"ஏறும்போது சும்மா இருக்குதண்ணே. இறங்கும்போது விரல் போய் முன்னாடி முட்டுது" என்றாள்.

ஈட்டியப்பனுக்குச் சிரிப்பு வந்தது. "இது மலை ஏறுற பூட்ஸ் தாயி. எல்லாரும் ஏறிப் பார்த்துத்தான் வாங்குவாங்க. இறங்கிப் பார்க்கிற ஆளை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்."

"ஏறினா இறங்கணுமே அண்ணே. எம் பிள்ளைங்க கீழேல்ல இருக்கு."

சாதாரணமாகத்தான் சொன்னாள். ஈட்டியப்பனின் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

ஆனாலும் தொழில்காரருக்கு ரோஷம் இருக்காதா? அல்லியம்மாவின் அச்சை எடுத்து வந்து, பூட்ஸை அதில் வைத்துக் காட்டினார். அச்சும் பூட்ஸும் அச்சு அசலாகப் பொருந்தின. "பார்த்துக்கோ. என் கையில தப்பில்லை."

"இல்லைதான்" என்றாள் அல்லியம்மா. பூட்ஸைக் கழற்றினாள். தன் வெறும் காலை அந்த அச்சில் வைத்தாள். விசிறி மாதிரி விரிந்த கால் விளிம்பில் ஏறி நின்றது. அவளுடைய அச்சில் அவளுடைய காலே நுழையவில்லை!

அவள் திரும்பினாள். வெடித்துக் கிடந்த குளத்தைப் பார்த்தாள்.

"காய்ஞ்சதும் இத்தனை பெரிய குளமே சுருங்கி வெடிச்சுக் கிடக்கு. இந்த வில்லை மட்டும் சுருங்காம இருக்குமா? ஈரத்தோட கொண்டுவராதது என் தப்புதான் அண்ணே, உங்க தப்பில்லை."

ஈட்டியப்பனுக்குச் சுருக்கென்றது. முதுகு முள் குத்தியிருந்தால்கூட இவ்வளவு சுருக்கென்றிருக்காது. காயவைக்கச் சொன்னது அவளா? அது அவர் வைத்த வழக்கம். மரத்தடியில் அடுக்கியிருந்த அச்சுகளைத் திரும்பிப் பார்த்தார். நொண்டிக்கொண்டு வந்த ஒவ்வொருவர் முகமும் ஞாபகம் வந்தது.

"வேற தைச்சுத் தாங்கண்ணே. சாயங்காலம் வந்து அளவு குடுக்கறேன்."

"இப்பவே குடேன்."

"இது தூங்கி எழுந்த கால். நாள் பூரா நடந்தா கால் வீங்குது. மலைக்குப் போகப்போறது வீங்கின கால்தானே? அதுக்குத்தான் அளவு வேணும்."

சிங்காரம் விழுந்து விழுந்து சிரித்தான். "அக்கா, நீங்க சாயங்காலம் அளவு குடுத்து, ராத்திரி தைச்சு, நாளைக்குக் கிளம்புறதுக்குள்ள நான் ஊற்றைத் திறந்துட்டு வந்து குளத்துல குளிச்சுக்கிட்டிருப்பேன்."

"ரொம்ப நல்லது தம்பி. நீங்க திறந்துட்டா எனக்கு ஒரு வேலை மிச்சம்" என்றாள் அல்லியம்மா. அதில் குத்தல் ஒன்றும் இல்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாள்.

கீரி சிவப்பு பூட்ஸ் மின்ன மலைமேல் பாய்ந்தான்.

அன்று முழுக்க ஈட்டியப்பன் கடையில் உட்கார்ந்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் குளத்தைச் சுற்றி நடந்துகொண்டே இருந்தாள். சும்மா நடக்கவில்லை. கரையிலிருந்து தாமரை இலையை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய், அந்தத் தாம்பாளத் தண்ணீருக்கு மேலே வெயில் படாமல் கூரை போட்டாள். ஒவ்வொரு நடைக்கும் ஒவ்வொரு குஞ்சின் தலையையும் அலகால் ஒரு தடவை தொட்டுவிட்டுப் போனாள்.

சேற்றுப் பொந்திலிருந்து ஒரு தவளை தலையை நீட்டியது. "இங்கே தொண்டை காயுது. உனக்குப் பூட்ஸ் பார்க்கிற நேரமா இது?"

"பார்க்காமப் போனா பாதியில உக்காந்துடுவேன் சித்தப்பா. பாதியில உக்காந்தா தண்ணி வருமா?"

தவளை கண்ணை ஒரு தடவை உருட்டியது. தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

சாயங்காலம், தாமரை இலையில் ஈரக் களிமண்ணோடு அல்லியம்மா கடைக்கு வந்தாள். ஈட்டியப்பன் கண்ணெதிரிலேயே அதில் காலை வைத்து அழுத்தினாள். "காயறதுக்குள்ள தைச்சுடுங்கண்ணே."

பழைய அச்சைப் புதிய அச்சுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கட்டைவிரல் அகலம் வித்தியாசம்.

அன்றைக்கு அவர் தைத்த மாதிரி அதற்கு முன்னால் தைத்ததில்லை. அவள் ஜோடியை முடித்ததும், அதே ஈரக் களிமண்ணை மறுபடி பிசைந்து தன் காலையும் பதித்துக்கொண்டார். தனக்காகவும் இரண்டு ஜோடி தைத்தார். ஊருக்கெல்லாம் பூட்ஸ் தைத்தவருக்கு அதுதான் முதல் பூட்ஸ்.

விடிந்தது. கீரி திரும்பவில்லை, தண்ணீரும் வரவில்லை.

அல்லியம்மா புது பூட்ஸைப் போட்டுக்கொண்டு சரிவுப் பாறையில் ஏறி இறங்கினாள். விரலுக்கு முன்னால் ஒரு நெல்மணி நீளம் இடம் இருந்தது. "இதுதாண்ணே" என்றாள். பிறகு அவர் காலைப் பார்த்தாள். "நீங்க எங்கே?"

"இவ்வளவு வருஷம் மலைக்குப் பூட்ஸ் தைச்சேன். மலை அதைப் பத்தி என்ன சொல்லுதுன்னு ஒரு தடவை நேர்ல போய்க் கேட்டுட்டு வரலாம்னு."

"அப்போ நீங்களும் இறங்கிப் பார்த்துக்குங்க."

ஈட்டியப்பன் முள்ளெல்லாம் சலசலக்கப் பாறையில் ஏறி, இறங்கினார். இறங்கும்போது ஒரு தடவை உருண்டார். அது பூட்ஸின் தப்பில்லை.

மலைப்பாதையில் ஏழு வளைவு. அல்லியம்மா வேகமாக நடக்கவில்லை. மெல்ல, ஒரே சீராக, அடி மேல் அடி வைத்து நடந்தாள். ஈட்டியப்பனுக்கு மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம், தனக்கே களைப்பு வந்த மாதிரி நின்றாள். அதை அவர் கவனித்தார்.

ஐந்தாவது வளைவில் சிங்காரம் உட்கார்ந்திருந்தான். பூட்ஸ் அவிழ்ந்து கிடந்தது. நான்கு காலிலும் கொப்புளம், நகமெல்லாம் கருத்திருந்தது.

"மேலே போயிட்டேன் அண்ணாச்சி" என்றான் தரையைப் பார்த்துக்கொண்டே. "ஒரு மரக்கிளை வந்து அடைச்சிருக்கு. ஒத்தை ஆளால அசைக்க முடியலை. ஆள் கூட்டிக்கிட்டு வரலாம்னு இறங்கினேன். இறங்க இறங்க விரல் முட்டி முட்டி… நேத்து சாயங்காலத்திலிருந்து இங்கேதான்."

ஈட்டியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். "உன் தப்பு பாதிதான் தம்பி. அந்த அச்சு என் வழக்கம்."

அல்லியம்மா சிரிக்கவும் இல்லை, 'அப்பவே சொன்னேனே' என்று சொல்லவும் இல்லை. "அது கிளைன்னு பார்த்துவெச்சீங்களே தம்பி, அதுவே பெரிய விஷயம். இங்கேயே இருங்க. இறங்கும்போது சேர்ந்தே போவோம்" என்றாள்.

உச்சியில் ஊற்றின் வாயை ஒரு வேங்கைக் கிளை அடைத்திருந்தது. அதைச் சுற்றிச் சருகும் சேறும். ஈட்டியப்பன் கிளையைப் பல்லால் அறுத்தார். அல்லியம்மா தலையைக் கழுத்து வரைக்கும் தண்ணீருக்குள் விட்டுச் சருகு சருகாக இழுத்துப் போட்டாள். வெயில் உச்சிக்கு வந்தபோது கிளை 'மளுக்'கென்று முறிந்தது. தேங்கியிருந்த தண்ணீரெல்லாம் ஒரு பாய்ச்சலாகப் பாய்ந்து கீழே ஓடியது.

"வந்திடுச்சு!" என்று கத்தினார் ஈட்டியப்பன். அல்லியம்மா கத்தவில்லை. தண்ணீர் போகிற திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏழு தலையையும் அவள் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது.

பிறகுதான் இறக்கம் வந்தது. செங்குத்தான சரிவு, காலுக்கடியில் உருளுகிற கல். ஒவ்வொரு அடிக்கும் உடம்பின் பாரமெல்லாம் கால்விரல் பக்கம் வந்தது. ஆனால் விரல் எங்கும் முட்டவில்லை. அந்த நெல்மணி நீள இடத்துக்கு இவ்வளவு மதிப்பா என்று ஈட்டியப்பன் அதிசயப்பட்டார். அந்த இடத்தைக் கண்டுபிடித்தது தைத்தவரில்லை, போட்டுக்கொண்டவள்.

ஐந்தாவது வளைவில் அவர் ஒரு முள்ளைப் பிடுங்கி, சிவப்பு பூட்ஸின் முன்பக்கத்தைக் கிழித்துத் திறந்துவிட்டார். மாட்டிக்கொண்டதும் சிங்காரத்தின் விரல்கள் வெளியே எட்டிப் பார்த்தன.

"எடுப்பா இருக்கா அண்ணாச்சி?"

"விரலுக்குக் காத்து வருதா பாரு."

"வருது" என்றான். அந்த நாளில் முதல் தடவையாகச் சிரித்தான்.

பொழுது சாய்வதற்குள் மூன்று பேரும் கீழே வந்தார்கள். தண்ணீர் அவர்களுக்கு முன்னாலேயே வந்திருந்தது. வெடிப்புகளெல்லாம் மூடி, தாமரை இலைக் கூரை மிதந்துகொண்டிருந்தது. அதற்கு நடுவிலிருந்து ஏழு குஞ்சுகளும் வரிசையாக நீந்தி வந்தன.

அல்லியம்மா கரையில் பூட்ஸைக் கழற்றினாள். சேற்றைத் துடைத்து, கடைப் பலகைமேல் வைத்தாள். "நல்லா உழைச்சுது அண்ணே. எனக்கு இனிமே தண்ணிதான்." பிள்ளைகளோடு நீந்திப் போனாள்.

ஈட்டியப்பன் மரத்தடியில் இருந்த காய்ந்த அச்சுகளையெல்லாம் சுமந்து வந்து குளத்தில் போட்டார். ஒவ்வொன்றாக ஊறி, இளகி, மறுபடி வெறும் சேறாகிப் போயிற்று. பிறகு சரிவுப் பாறைக்கு முன்னால் ஒரு பலகை நட்டார். 'ஏறிப் பார்க்கவும். இறங்கியும் பார்க்கவும்.'

சிங்காரம் அந்தப் பலகையை இரண்டு தடவை படித்தான். திறந்த பூட்ஸோடு பாறையில் ஏறி, இறங்கி, "இப்போ சரியா இருக்கு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு மெல்லத் தன் வளைக்கு நடந்தான். இருட்டுவதற்குள் ஈட்டியப்பனும் கடையைச் சாத்திவிட்டுத் தன் வழியே போனார். பூட்ஸைக் கழற்ற அவருக்கு மனசு வரவில்லை.

புறப்படுகிற உற்சாகத்தை மட்டும் பார்த்துத் தயாராகிறவர் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவார். திரும்பி வருகிற வழியையும் நினைத்துத் தயாராகிறவரே போன காரியத்தை முடித்து வீடு வந்து சேருவார்.