இரண்டாவது பலகை

மருதையனுக்கு முதன்முதலில் துரோகம் செய்தவன் ஏகாம்பரம். அதற்குப் பிறகும் பலர் செய்தார்கள். அவர்கள் பெயரெல்லாம் மறந்துபோயிற்று. ஏகாம்பரத்தின் பெயர் மட்டும் காலையில் பல் துலக்கும்போதே நாக்கில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இருவரும் கீழைமங்கலம் கலாசாலையில் ஒரே அறையில் தங்கிப் படித்தவர்கள். ஏகாம்பரம் இப்போது அந்தக் கலாசாலைக்கே தலைவர். மருதையன் சுண்ணாம்புக் காளவாயில் பாதி ஆயுளைக் கழித்தான். விரல்கள் வெந்தன. தலை நரைத்தது. கடைசியில் ஊருக்கு வெளியே பழைய சாவடியில் தங்கியிருந்த சாமியிடம் சீடனாக வந்து சேர்ந்தான்.

சாமிக்கு அவனைவிட வயது குறைவு. அதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதில்லை.

மருதையன் கொண்டுவந்த சொத்து ஒரு பலாமரப் பலகை. கலாசாலையில் சேருகிற ஒவ்வொருவருக்கும் உட்காரக் கொடுக்கிற பலகை அது. நடுவில் சூட்டுக்கோலால் வைத்த முத்திரை, வட்டத்துக்குள் ஒரு விளக்கு. மருதையன் அதன் மேல் உட்கார்ந்துதான் சாப்பிடுவான். தலைக்கு வைத்துப் படுப்பதும் அதைத்தான்.

சாவடிக்கு வருகிறவர்களுக்கு இது நல்ல பொழுதுபோக்கு.

"என்ன மருதையண்ணே, ஏகாம்பரம் சௌக்கியமா?"

"அவனுக்கென்ன கேடு. அவன் மாதிரி ஆளுக்குத் தலைவலிகூட வராது."

"பலகை சௌக்கியமா?"

"உன் தலையில போட்டுப் பார்க்கவா?"

சாமியிடம் மட்டும் அவன் விளையாடமாட்டான். அடிக்கடி ஒரே கேள்வியைக் கேட்பான்.

"சாமி, ஏகாம்பரம் என் பாக்கியை எப்போ தீர்ப்பான்?"

"விறகு ஈரமா இருக்கு. வெயில்ல போடு," என்பார் சாமி.

மருதையன் விறகை வெயிலில் போடுவான்.

ஒரு நாள் வெயில் சாய்கிற நேரத்தில் கலாசாலையிலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் செங்கமலம். அங்கே இலக்கணம் படிக்கிறவள். வெகுதூரம் நடந்து வந்ததில் அவள் களைத்திருந்தாள். மருதையன் செம்பில் தண்ணீர் கொடுத்தான். குடிப்பதற்கு முன் அவள் அதை மோந்து பார்த்தாள்.

"நல்ல தண்ணிதான் தாயி. எதுக்கு மோந்து பார்க்கறே?"

"பழகிப்போச்சு பெரியவரே. எங்க விடுதிக் கிணத்துல மாட்டுக் கொட்டில் கழிவு இறங்குது. என் அறையில இருக்கிற கோதைக்குக் காய்ச்சல் விடவே மாட்டேங்குது. அடுத்த அறையிலயும் ரெண்டு பேர் படுத்துட்டாங்க."

மருதையன் செம்பைக் கீழே வைத்தான்.

"இன்னுமா அந்தக் கிணறு?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"சேந்தன்னு ஒருத்தன் இருந்தான். எனக்கும் ஏகாம்பரத்துக்கும் நடுவுல படுப்பான். அந்தத் தண்ணியைக் குடிச்சுத்தான் செத்தான்."

அவள் சாமியின் பக்கம் திரும்பினாள்.

"ஆசிரியர்களுக்குத் தனிக் கிணறு இருக்கு சாமி. அது சுத்தம். அதுல எங்களையும் இறைக்க விடச் சொல்லி எத்தனையோ தடவை கேட்டாச்சு. பார்க்கலாம்னு சொல்றாங்க. நாங்க என்னதான் செய்யறது?"

"உனக்குப் பலகை கொடுத்திருக்காங்களே," என்றார் சாமி. "கவிழ்க்க வேண்டியதுதானே?"

கீழைமங்கலத்தில் அப்படி ஒரு விதி உண்டு. சேருகிற அன்றே தலைவர் வாயால் அதைச் சொல்லித்தான் பலகையைக் கையில் கொடுப்பார். மாணவனுக்கு ஒரு குறை இருந்தால், பாட நேரத்தில் பலகையைக் கவிழ்த்துவிட்டு எழுந்து நிற்கலாம். அவன் சொல்வதைக் கேட்டு முடிக்காமல் பாடம் தொடரக்கூடாது. அது அவன் உரிமை. ஆனால் அவனோடு இன்னொருவனும் தன் பலகையைக் கவிழ்க்க வேண்டும். இரண்டாவது ஆள் வேறெதுவும் பேசக்கூடாது. முதல் ஆள் சொல்லி முடித்ததும், "மெய்" என்ற ஒரு வார்த்தை மட்டும் சொல்ல வேண்டும். மெய் என்று தெரிந்தவன் எழுந்திருக்க வேண்டியது அவன் கடமை. யாருமே எழுந்திருக்காவிட்டால் அது குறை ஆகாது, கலகம். முதல் ஆள் வெளியேற வேண்டியதுதான்.

"கவிழ்க்க முடியாது சாமி," என்றாள் செங்கமலம். "எல்லாப் பலகையையும் தரையோட சேர்த்து ஆணி அடிச்சிருக்கு."

மருதையன் நிமிர்ந்தான்.

"எவன் அடிச்சான்?"

"தலைவர்தான். ஆனா மாணவர்கள் கேட்டுத்தானாம். எங்களுக்கு முன்னால படிச்சவங்க, பலகை ஆடுது, எழுத முடியலைன்னு சொன்னாங்களாம்."

"கேட்ட உடனே செஞ்சு கொடுத்தாரோ?" என்றார் சாமி.

"மறுநாளே."

"விதியை எடுத்துட்டாரா?"

"இல்லை சாமி. இப்பவும் சேரும்போது விதியைச் சொல்றார். பலகை எங்கேன்னு கையைக் காட்டறார். நாங்க போய் உட்கார்ந்துக்கறோம்."

மருதையன் சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறியது.

"ஏகாம்பரம்டா," என்றான், யாரிடம் என்று இல்லாமல்.

செங்கமலத்தின் பார்வை அப்போதுதான் அவன் உட்கார்ந்திருந்த பலகையில் விழுந்தது. முத்திரையின் ஓரம் அவன் வேட்டிக்கு வெளியே தெரிந்தது.

"பெரியவரே, இது எங்க பலகை."

"என் பலகை."

"ஆணி அடிக்காதது."

"இதை ஆணி அடிக்க எவனும் பிறக்கலை."

"நாளைக்கு ஒரு நாள் கொடுங்க. கொண்டுபோய்க் கவிழ்த்துட்டுத் திருப்பித் தர்றேன்."

மருதையன் பலகையை இரண்டு பக்கமும் கையால் பிடித்துக்கொண்டான்.

"ஒரு பலகையை வச்சு என்ன பண்ணுவே தாயி? ரெண்டாவது ஆள் யாரு?"

"பத்துப் பேர் என்னோட நிக்கறேன்னு சொல்லியிருக்காங்க."

மருதையன் பலகையின் விளிம்பை விரலால் தடவினான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"எனக்கும் பத்துப் பேர்தான் சொன்னாங்க. சேந்தனை எரிச்சுட்டு வந்த அன்னைக்கு ஏகாம்பரம்தான் வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதான். 'நீ கவிழ்த்துடா மருதை, அடுத்த நொடி நான் கவிழ்க்கறேன்'னான். மறுநாள் கவிழ்த்தேன். சொல்ல வேண்டியதெல்லாம் சொன்னேன். சொல்லி முடிச்சுட்டு அவனைப் பார்த்தேன். அவன் ஏட்டைப் பார்த்துக்கிட்டு இருந்தான். அப்பவே ஒரு ஏட்டைத் திருப்பினான் பாரு, அந்தச் சத்தம் இன்னும் என் காதுல கேக்குது."

"அவங்க வேற, எங்க ஆளுங்க வேற பெரியவரே. எங்க ஆளுங்க பலகையை ஆணி அடிச்சிருக்கு, அதனாலதான் எழுந்திருக்க முடியலை."

"எங்க காலத்துல ஆணி இல்லை தாயி. அப்பவும் யாரும் எழுந்திருக்கலை."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு, "கோதை நேத்திலேர்ந்து என்னை அடையாளம் தெரியாம யாரோன்னு நினைச்சுப் பேசறா," என்றாள்.

மருதையனுக்கு அது பிடிக்கவில்லை. சேந்தனும் கடைசியில் அப்படித்தான் பேசினான். மருதையனைத் தன் அக்கா என்று நினைத்து, பசிக்கிறது என்றான்.

"சாமி, நீங்களே சொல்லுங்க," என்றான். "இது ஒண்ணுதான் எனக்குச் சாட்சி. வெளியே அனுப்பினவங்க இதைத் திருப்பி வாங்கியிருக்கணும். அவசரத்துல மறந்துட்டாங்க. இதைக் கொண்டுபோய் ஒருநாள் ஏகாம்பரம் மூஞ்சிக்கு நேரா வைக்கணும்னுதான் இத்தனை வருஷம் சுமந்தேன். இதை இந்தப் பொண்ணுக்குக் கொடுக்கணுமா, வேணாமா?"

சாமி உள்ளே போனார். வரும்போது அவர் கையில் மரம் அறுக்கிற ரம்பம் இருந்தது.

"எழுந்திரு," என்றார்.

மருதையன் எழுந்தான். சாமி பலகையைத் தூக்கிப் படியின் மேல் குறுக்கே வைத்தார்.

"பிடிச்சுக்கோ."

"எதுக்கு சாமி?"

"ஆடுது. பிடி."

ரம்பம் முத்திரையின் நடுவில் இறங்கியது. மருதையன், "சாமி, சாமி," என்றான். ஆனால் பிடித்த கையை எடுக்கவில்லை. காய்ந்த பலா லேசில் அறுபடவில்லை. மஞ்சள் தூள் அவன் கால் விரல்களில் விழுந்துகொண்டே இருந்தது. கடைசியில் பலகை இரண்டாக விழுந்தது.

சாமி ஒரு பாதியைச் செங்கமலத்திடம் கொடுத்தார். மற்றதை மருதையனிடம் நீட்டினார்.

"பலகையைத் திருப்பி வாங்காத வரைக்கும் ஒருத்தன் அங்கே மாணவன்தானே?"

"ஆமாம்," என்றான் மருதையன்.

"அப்போ நாளைக்குப் பாடத்துக்குப் போ."

மறுநாள் காலை பாடக்கூடத்தில் மருதையன் கடைசி வரிசைக்கும் பின்னால் போய் நின்றான். கட்டை ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு வந்த கிழவனைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். கூடம் அப்படியே இருந்தது. ஏகாம்பரம்தான் பெருத்துப்போயிருந்தார். மேடையில் உட்கார்ந்து இலக்கணத்தில் வேற்றுமைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். குரல் மட்டும் மாறவில்லை.

செங்கமலம் எழுந்தாள். அரைப் பலகையைத் தரையில் கவிழ்த்தாள். அந்தக் கூடத்தில் பல காலமாகக் கேட்காத சத்தம் அது.

ஏகாம்பரம் ஏட்டிலிருந்து தலையைத் தூக்கினார். செங்கமலம் சொல்லத் தொடங்கினாள். கிணறு, கொட்டில் கழிவு, கோதை, அடுத்த அறையில் இரண்டு பேர். சொல்லி முடித்துவிட்டுச் சுற்றிப் பார்த்தாள். பத்துப் பேரும் ஏட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மருதையன் தன் பாதியைக் கையில் வைத்திருந்தான். அந்த நொடியில் அவனுக்கு ஒரு ஆசை வந்தது. கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும் என்று தோன்றியது. அந்தப் பெண்ணின் கழுத்து நரம்பு துடிப்பது அவனுக்குப் பின்னாலிருந்தே தெரிந்தது. தன் கழுத்தும் அன்று அப்படித்தான் துடித்திருக்கும் என்று நினைத்தான்.

கவிழ்த்தான்.

எல்லாத் தலைகளும் திரும்பின. உதவி ஆசிரியர் ஒருவர் ஓடி வந்தார்.

"ஐயா, இது பலகையே இல்லை. அடுப்புக்கட்டைத் துண்டு. வெளியே அனுப்பிடலாம்."

"ரெண்டையும் கொண்டு வா," என்றார் ஏகாம்பரம்.

இரண்டு துண்டுகளையும் மடியில் வைத்துச் சேர்த்தார். வட்டம் முழுசாகியது. விளக்கு முழுசாகியது. ஓரத்தில் ஒரு பழைய மசிக்கறை இருந்தது. ஒரே அறையில் இருந்த காலத்தில் அவர் கொட்டிய மசிதான். ஏகாம்பரம் அதைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். அது போகவில்லை. திரும்பவும் தேய்த்தார்.

நிமிர்ந்து மருதையனைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"பலகை செல்லும்," என்றார். பிறகு, "இரண்டாமவர் சொல்லலாம்."

மருதையனிடம் சொல்ல ஆயிரம் இருந்தது. காளவாயின் முன்னால் நின்று நின்று ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்து வைத்தது. எதை முதலில் சொல்வது, எதைச் சொன்னால் அந்த முகம் வெளுக்கும் என்றுகூடத் தெரியும். ஆனால் அவன் இரண்டாவது ஆள்.

"மெய்," என்றான்.

ஏகாம்பரம் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். ஆசிரியர் கிணற்றை இன்றே எல்லாருக்கும் திறந்துவிடச் சொன்னார். விடுதிக் கிணற்றை மூடச் சொன்னார். பலகைத் துண்டுகளைத் திருப்பிக் கொடுத்தனுப்பினார். பிறகு ஏட்டைத் திருப்பினார். அந்தச் சத்தம் மருதையனுக்குக் கேட்டது.

வெளியே வரும்போது பின்வரிசையில் ஒருவன் தன் பலகையின் ஆணியை நகத்தால் நோண்டிக்கொண்டிருந்தான்.

செங்கமலம் முதல் குடத்தைக் கோதைக்குத்தான் கொண்டு போனாள். கோதை குடித்தாள். பிழைப்பாளா என்று வைத்தியருக்கே தெரியவில்லை.

மருதையன் பொழுது சாயும் முன் சாவடிக்கு வந்து சேர்ந்தான். சாமி அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"கிணறு?"

"திறந்தாச்சு."

"சரி."

"அவன் என்னை அடையாளம் கண்டுக்கிட்டான் சாமி. அவன் கொட்டின மசியை அவனே தேய்ச்சுப் பார்த்தான். நான் யாருன்னு தெரிஞ்சுபோச்சு. மருதைன்னு ஒரு வார்த்தை கூப்பிடலை."

"கூப்பிடலையா?"

"கூப்பிடலை. சேந்தன் பேரைக்கூடச் சொல்லலை. ஏட்டைத் திருப்பிட்டான்."

சாமி இன்னொரு விறகை அடுப்பில் தள்ளினார்.

"அப்போ என் பாக்கி?"

"அப்படியே இருக்கு," என்றார் சாமி.

மருதையன் தன் இடத்துக்குப் போனான். வழக்கம்போல் பலகையைப் போட்டு உட்காரப் பார்த்தான். அரைப் பலகை ஒரு பக்கம் சாய்ந்து அவனைத் தரையில் தள்ளியது. திருப்பிப் போட்டுப் பார்த்தான். அப்போதும் தள்ளியது. துண்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, வெறும் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"இதுல இனிமே உட்கார முடியாது சாமி."

"உட்கார முடியாது," என்றார் சாமி. "கவிழ்க்கலாம்."