விரால் அடிப்பான் பாய்ந்த காலை

கடலை ஒட்டி ஓர் ஏரி. பனிக்காலம் வந்தால் எங்கெங்கிருந்தோ பறவைகள் வந்து இறங்கும். அவற்றைக் காட்ட ரெஜினா டீச்சர் விடிகாலையில் ஒரு கூட்டத்தைக் கரையோரமாக அழைத்துப் போவார்.

கூட்டத்தில் மூத்தவர் சிதம்பரநாதன், ஓய்வுபெற்ற சர்வேயர். டீச்சரின் அப்பா வயது. ஆனாலும் டீச்சர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. மற்றவர்களோடுதான் ஒட்டமாட்டார். ஆள் அரவம் கேட்டுப் பறவை பறந்துவிடுமே என்று தனியாக முன்னால் போய்விடுவார். பார்த்ததைப் பற்றி மூச்சுவிடமாட்டார். வீட்டுக்குக் கிளம்பும்போது, "கரண்டிவாயன் நின்னுச்சே, யாரும் பாக்கலையா?" என்று கேட்டு எல்லார் வயிற்றெரிச்சலையும் கொட்டிக்கொள்வார்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை. விரால் அடிப்பான் தண்ணீரில் பாய்ந்து மீன் பிடிப்பதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். மூன்று வருஷமாக நடையாய் நடக்கிறார். அந்தப் பருந்தோ பட்டமரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும். பாய்ந்ததே இல்லை.

அன்று பனி விலகியதும் அவர் தலைக்கு மேலேயே வந்து நின்றது. அந்தரத்தில் இறக்கையை அடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. கழுத்தில் தொங்கிய பைனாகுலரை மறந்தார். திரும்பி, பின்னால் வந்த கூட்டத்தைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினார்.

"ஓடியாங்க! எல்லாரும் ஓடியாங்க! அடிக்கப் போவுது! டீச்சர், சீக்கிரம்!"

அவர் முதுகுக்குப் பின்னால் தொப்பென்று சத்தம். கூட்டம் "ஆ!" என்று கத்தியது. அவர் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பறவை மீனோடு சவுக்குத் தோப்பைத் தாண்டிக்கொண்டிருந்தது.

ஆளாளுக்கு வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

"காலை நீட்டிக்கிட்டு அப்படியே விழுந்துச்சு சார்!"

"முழுசா முங்கி எழுந்து, உடம்பை ஒரு உதறு உதறுச்சு பாருங்க!"

"உங்களாலதான் சார் பாத்தோம்!"

சிதம்பரநாதனுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நேரே டீச்சரிடம் போனார்.

"இது என்ன நியாயம் டீச்சர்? மூணு வருஷமா தவம் கிடந்தவன் நான். இன்னைக்குக் கண்டுபிடிச்சவனும் நான். எல்லாரும் பாத்துட்டாங்க, நான் மட்டும் பாக்கல."

"நீங்க மட்டும் இல்ல சார். நானும் பாக்கல."

"விளையாடாதீங்க. எனக்கு நேர் எதிர்லதானே நின்னீங்க?"

"ஆமா."

"கண்ணை மூடிக்கிட்டீங்களா?"

"நல்லாத் திறந்துதான் வெச்சிருந்தேன்."

"அப்புறம் எதைப் பாத்தீங்க?"

டீச்சருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"விரால் அடிப்பான் பசிச்சா நாளைக்கும் பாயும் சார். நீங்க எங்களைக் கூப்பிட்டதை நான் இன்னைக்குத்தான் பாத்தேன்."