பின்பக்கமாக வந்த தோணி

தூத்துக்குடியில் சரக்குத் தோணியை நடத்துகிறவரைத் தண்டல் என்பார்கள். கஸ்பார் அப்படி ஒரு தண்டல். புத்தியைத் தவிர மற்றதெல்லாம் ஆண்டவர் அவருக்குத் தாராளமாகவே கொடுத்திருந்தார்.

வெங்காய மூட்டைகளோடு மாலத்தீவுக்குக் கிளம்புகிற நேரத்தில், கப்பல் புகையைக் கண்காணிக்கும் அதிகாரி வந்தார். மெதுவாகப் போனால் டீசல் குறைவாக எரியும், புகையும் குறையும் என்றார். இந்த நடையிலும் பழையபடி டீசலைக் குடித்தால் தோணியைக் கட்டிப் போட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். தோணி நின்றால் கஸ்பாரின் பிழைப்பும் போச்சு. வேறு எந்த வேலையும் அவருக்குத் தெரியாது. இந்த வேலையும் தெரியாது என்பது வேறு விஷயம்.

கடலுக்குள் போனதும் மெதுவாக ஓட்டச் சொன்னார். தொட்டிக்குள் குச்சியை விட்டுப் பார்த்தால், உண்மையாகவே டீசல் மிச்சம். இன்னும் மெதுவாக ஓட்டினார்கள், இன்னும் மிச்சம். எஞ்சினையே நிறுத்தினார்கள். ஒரு துளி குறையவில்லை. எல்லோரும் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்து, டீசல் குறையாமல் இருப்பதை ரசித்தார்கள். வெங்காயம் முளைவிட்ட பிறகுதான் ஊர் போய்ச் சேர வேண்டுமே என்ற நினைப்பு வந்தது.

எஞ்சின் ஓட்டும் இன்னாசி யோசித்துச் சொன்னான்.

"தண்டல், வேகமாப் போனா நிறையக் குறையுது. மெதுவாப் போனாக் கொஞ்சமாக் குறையுது. நின்னாக் குறையவே இல்ல. அப்ப, பின்னால போனா?"

கஸ்பார் தாடையைச் சொறிந்தார். "ஏறணும்லா?"

"ஏறித்தான ஆவணும்."

சமையல்காரன் தொபியாஸுக்கு மட்டும் ஒரு கவலை. தொட்டி நிறைந்து கடலில் வழிந்தால் அதற்கும் அந்த சார் கட்டிப் போடுவாரே என்றான். நியாயமான கவலைதான். சோற்றுப் பானை, குழம்புச் சட்டி, குடிதண்ணீர் டிரம் எல்லாவற்றையும் கவிழ்த்துக் காலி செய்து தொட்டியருகே வைத்தார்கள். பிறகு பின்பக்கமாகவே தூத்துக்குடிக்குக் கிளம்பினார்கள். வழியெல்லாம் பட்டினி, தாகம். ஊறுகிற டீசலுக்குக் கண் பட்டுவிடும் என்று தொட்டியை யாரும் திறக்கவில்லை. கஸ்பார் முகத்தில் மாப்பிள்ளைக் களை.

கரையைத் தொட்டதும் எஞ்சின் இருமி நின்றது. அழுகல் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு அதிகாரி ஏறி வந்து, குச்சியை விட்டுப் பார்த்தார். காய்ந்த குச்சி காய்ந்தபடியே வந்தது.

"டீசல் எங்கய்யா?"

கஸ்பாருக்கு உயிரே போய்விட்டது. கண் கலங்க நின்றவரின் காதில் இன்னாசி விளக்கினான். ரொம்ப தூரம் பின்னால் வந்துவிட்டோம், அதனால் டீசல் தொட்டியில் நிற்காமல் வாங்கின இடத்துக்கே திரும்பிப் போயிருக்கும் என்றான்.

போன உயிர் வந்தது. அதிகாரியை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, காலி டிரம்மை உருட்டிக்கொண்டு கஸ்பார் டீசல் பங்க்குக்கு ஓடினார்.

"தம்பி, எங்க டீசல் இந்நேரம் வந்து சேந்திருக்குமே. மத்தவங்க டீசலோட கலந்துராம தனியா எடுத்து வச்சிருக்கியா?"