பூவாத்தா பார்க்காத பக்கம்

"நம்மைத் தின்னவங்க போன பிறகுதான்டி நாம பட்டினி கிடக்கிறோம்!"

"மெதுவாப் பேசு! பூவாத்தா அக்கா காதுல விழுந்தா மனசு கஷ்டப்படும்."

அல்லி இலைக்கு அடியில் இரண்டு கெண்டை மீன்கள் பேசிக்கொண்டன. பக்கத்துக் கோரைப்புல்லுக்குள் பூவாத்தா என்ற கானாங்கோழி நின்றிருந்தாள். எல்லாம் காதில் விழுந்துவிட்டது. தூக்கிய காலைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள்.

அந்த ஏரியில் பூவாத்தாவைத் தெரியாதவர்கள் இல்லை. மற்றக் குஞ்சுகள் இரை தேடிப் பழகிய வயதில், அவள் கோரைக்குள் ஒளிந்து நின்று யார் எதைத் தின்கிறார்கள் என்று பார்ப்பாள். "ஏய், வாய் பார்க்கிற பொண்ணே! இன்னைக்கு யார் வாயைப் பார்த்தே?" என்று தவளைகள் கேலி செய்யும்.

ஒரு கோடையில் கொசு பெருகியது. எருமைகள் ஏரிக்கரைக்கு வரவே பயந்தன. பூவாத்தா கூச்சத்தோடு வெளியே வந்தாள்.

"தும்பிக் குஞ்சுங்க தண்ணிக்குள்ளதான் வளருது. கொசுப் புழுவை அதுங்கதான் தின்னுது. அதுங்க இருக்கிற மேலைக்கரையை நீங்க மிதிக்காம இருந்தாப் போதும்!"

எருமைகள் கீழைக்கரைக்கு மாறின. கொசு குறைந்தது. தவளைகளின் கேலியும் நின்றது. இந்த ஏரியில் ஒருவர் பிழைப்பு இன்னொருவரிடம் இருக்கிறது என்று முதன்முதலில் சொன்னவள் அவள்தான். அதற்கு முன்பு யாரும் அப்படி யோசித்ததே இல்லை.

பிறகு ஓர் ஆண்டு மழை பொய்த்தது. மீன்கள் குறைந்தன. ஏரிக்குத் தலைவரான கூழைக்கடாப் பறவை கூட்டம் கூட்டினார்.

"எல்லாரையும் விட அதிகமா மீன் தின்னுறது யாரு? நீயே சொல்லும்மா!"

"நீர்க்காகங்கள்" என்றாள் பூவாத்தா. அது உண்மைதான்.

ஏரி நடுவில் நின்ற கருவேல மரம்தான் நீர்க்காகங்களின் வீடு. அவற்றின் எச்சத்தால் கிளைகள் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருக்கும். அந்தப் பக்கம் போகிறவர்கள் எல்லாரும் முகம் சுளிப்பார்கள்.

"நாத்தம் பிடிச்ச கூட்டம்! வெளியே போங்க!" என்று கொக்குகள் கத்தின.

நீர்க்காகங்களில் மூத்தவன் முழுக்கன். அவன் கெஞ்சினான். "என் வீட்டுக்காரி செம்பி அடைகாக்கிறா. குஞ்சுங்க பறக்கிற வரைக்குமாவது பொறுங்க, ஐயா!"

கூழைக்கடா பூவாத்தாவைப் பார்த்தார். "பொறுக்கலாமாம்மா?"

எல்லாக் கண்களும் அவள் மேல் இருந்தன. அவளுக்கு அது பிடித்திருந்தது.

"அதுவரைக்கும் மீன் தாங்காது" என்றாள்.

நீர்க்காகங்கள் போயின. செம்பியின் முட்டைகள் கூட்டிலேயே குளிர்ந்து போயின.

சில நாளில் தண்ணீர் தெளிந்தது. "அடடா, கண்ணாடி மாதிரி இருக்கு! எல்லாம் பூவாத்தா புண்ணியம்!" என்று ஏரியே புகழ்ந்தது. அடுத்த மழைக்கு ஏரி நிரம்பியது. ஆனால் மீன் மட்டும் பெருகவில்லை. குஞ்சு மீன்கள் மெலிந்து செத்தன. அவள் மனம் நோகக் கூடாது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.

கெண்டைகளின் பேச்சைக் கேட்ட அன்றே பூவாத்தா புறப்பட்டாள். நீர்க்காகங்கள் இப்போது மலையடிவாரத்தில் ஒரு பழைய கல்குவாரிக் குட்டையில் இருந்தன. அவள் ஒரு பாறை இடுக்கில் ஒளிந்துகொண்டு பார்த்தாள்.

குட்டையின் ஒரு பக்கம் வெறும் பாறையும் தெளிந்த தண்ணீரும்தான். அங்கே ஓர் உயிர் இல்லை. நீர்க்காகங்கள் உட்காரும் பாறைக்குக் கீழே மட்டும் தண்ணீர் பச்சையாக இருந்தது. பச்சைக்குள் பொடிப்பூச்சிகள் துள்ளின. பூச்சிகளைத் துரத்தி மீன்குஞ்சுகள் மொய்த்தன. மேலே ஒரு நீர்க்காகம் வாலைத் தூக்கியது. எச்சம் பச்சைத் தண்ணீரில் விழுந்தது.

பூவாத்தாவின் முகம் சுட்டது. இத்தனை காலம் எத்தனை முறை இதே காட்சி அவள் கண்ணெதிரே வந்திருக்கும்! ஒவ்வொரு முறையும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கானாங்கோழி வீடுகளில் அதுதான் மரியாதை. எல்லார் வாயையும் பார்த்தவள், வால் பக்கம் பார்க்கக் கூசியிருந்தாள்.

குட்டையோரம் ஒரு நண்டு அவளை அடையாளம் கண்டுகொண்டது.

"என்ன, பெரிய இடத்து அம்மா இங்கே? திரும்பக் கூப்பிட வந்தியா? 'கூட்டத்துல உங்களை மன்னிச்சிட்டாங்க, வாங்க'ன்னு சொல்லு. அவங்களும் வருவாங்க. உன் பேரும் கெடாது!"

பூவாத்தா அந்த வார்த்தைகளை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். சுலபமாகத்தான் இருந்தன. ஆனால் பாறை மேல் செம்பி தனியாக உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் அந்தப் பொய்யைச் சொல்ல மனம் வரவில்லை.

நீர்க்காகங்கள் முன்னால் போய் நின்று, "தப்பு என்னோடது" என்றாள் பூவாத்தா. கண்டதை எல்லாம் சொன்னாள்.

முழுக்கன் பாறையிலிருந்து இறங்கி வந்தான். "இதை இங்கே வந்து சொல்லிட்டே. எங்களைத் துரத்தினது அங்கே, அத்தனை பேர் முன்னால. அங்கே சொல்லுவியா?"

"சொல்றேன்."

"சொன்னா, அப்புறம் உன்னை யார் மதிப்பாங்க?"

"தெரியலை, அண்ணே."

மறுநாள் காலை ஏரியில் கூட்டம் கூடியது. நீர்க்காகங்கள் கரையில் ஒதுங்கி நின்றன. பூவாத்தா ஒளிய இடமில்லாத ஒரு மண்திட்டில் ஏறி நின்றாள்.

"மீன் குறைஞ்சது என்னால. தண்ணி தெளிஞ்சதைப் பார்த்து நாம சந்தோஷப்பட்டோமே, அது நீர்க்காக எச்சம் விழாம மீனோட சாப்பாடு போன தெளிவு. நான் பாதியைத்தான் பார்த்தேன். மீதியைப் பார்க்க அருவருப்புப்பட்டேன். பாதியைப் பார்த்தவங்க முழுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. நான் சொல்லிட்டேன். செம்பி அக்கா முட்டை போனதும் என்னாலதான்."

"அட! இத்தனை நாள் இவ பேச்சையா கேட்டோம்!" என்றது ஒரு தவளை. யாரோ சிரித்தார்கள். கூழைக்கடா தலையைக் குனிந்துகொண்டார்.

பூவாத்தா செம்பியின் பக்கம் திரும்பினாள். "அக்கா..." என்றாள்.

செம்பி கூட்டத்தின் நடுவே நடந்து போய், பழையபடி மீன் தேடி ஏரிக்குள் முழுகினாள்.