தையல் விட்ட பந்து

பொருள்களிடம் ஒன்றைக் கேட்டால் அவை உள்ளதை உள்ளபடி சொல்லும் ஊர் ஒன்று இருந்தது. அந்த ஊர் கிரிக்கெட் மைதானத்தில் ஒரு வழக்கம். எண்பது ஓவர் முடிந்து, புதுப் பந்து எடுக்கலாம் என்ற நேரம் வந்ததும், கேப்டன் பழைய பந்தை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு, "இன்னும் தாங்குவியா?" என்று கேட்பார். பந்து பதில் சொல்லும். அந்தப் பதிலைக் கேப்டன் எந்தக் காலத்திலும் வெளியே விடக்கூடாது. சொல்வதாக இருந்தால் பந்துதான் சொல்ல வேண்டும்.

அந்த வருஷம் இறுதிப் போட்டி. ஜெயிக்க எதிரணிக்கு இன்னும் பன்னிரண்டு ரன் வேண்டும். ஊர் அணிக்கு ஒரே ஒரு விக்கெட் போதும். சும்மா சொல்லக்கூடாது, பழைய பந்து அன்றைக்கு ஆடிய ஆட்டம் அப்படி! சுழற்பந்து போடும் பேச்சிமுத்துவின் விரலிலிருந்து புறப்பட்டு ஆறு பேரை வெளியே அனுப்பியிருந்தது.

கேப்டன் செல்வின் அதைப் பொத்தினார். கட்டைவிரலால் தையலைத் தடவினார்.

"தாங்குவியா?"

பந்துக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசி விக்கெட்டையும் தானே எடுக்க வேண்டும் என்று அதற்கு அவ்வளவு ஆசை. ஆனாலும் கேட்டுவிட்டாரே.

"தையல் விட்டுப்போச்சு அண்ணாச்சி. இனி நான் திரும்ப மாட்டேன். நேரா போய் அடி வாங்குவேன். என்னை எடுத்துடுங்க."

செல்வின் நடுவரிடம் கை காட்டினார். புதுப் பந்து வந்தது. மூன்றே மூன்று பந்து. மூன்றும் மட்டையின் விளிம்பில் பட்டு, ஆளில்லாத பக்கமாய் ஓடி எல்லைக்கோட்டைத் தொட்டன. கதை முடிந்தது.

அப்புறம் என்ன, ஊரே வாயைத் திறந்தது. ஸ்கோர் பலகை தன் எண்களைக் கழற்றும் வரைகூடப் பொறுக்கவில்லை. "ஆறு விக்கெட் எடுத்த பந்தை யாராவது மாத்துவானா? எனக்கே தெரியுது, அந்த மனுஷனுக்குத் தெரியலை!"

"நீ தூரத்துல நின்னு பார்த்தவன்," என்றது விக்கெட் கீப்பரின் கையுறை. "பக்கத்துல நின்ன நான் சொல்றேன். இன்னும் ஒரு ஓவர் விட்டிருந்தா கோப்பை நம்ம வீட்ல."

"நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று புதுப் பந்து விசும்பியது. அதை யார் கண்டுகொண்டார்கள்!

மறுநாள் காலை கமிட்டி கூடியது. செல்வினைக் கேப்டனாக வைத்திருப்பதா, தூக்குவதா என்று முடிவு பண்ண வேண்டும். மேஜை மேல் சிவப்புத் துணி விரித்து, நடுவில் பழைய பந்தை வைத்திருந்தார்கள். செல்வின் எதிரே நின்றார். அவர் கண் ஒரு தடவை பந்தின் பக்கம் போனது, திரும்பியது.

சொல்லிவிடலாம் என்று பந்து வாயெடுத்தது. அந்த நேரம் பார்த்துச் செயலாளர் ஆவுடையப்பன் அதைக் கையில் எடுத்து முத்தமிட்டார். "இந்தத் தங்கத்தைத் தூக்கி ஓரமா வைக்க எப்படிய்யா மனசு வந்தது உமக்கு?"

பிறந்ததிலிருந்து அடியைத் தவிர வேறெதையும் அறியாத பந்து அது. முத்தம் அதன் வாயை அடைத்துவிட்டது. என்னைக் கேட்டால்தானே சொல்லணும், யாராவது கேட்கட்டும் என்று இருந்துவிட்டது. அத்தனை பேர் பேசினார்கள். பந்தை ஒருத்தரும் கேட்கவில்லை.

"மாத்தினது நான்தான்," என்றார் செல்வின். மதியத்துக்குள் கேப்டன் பதவி போயிற்று.

பந்தை மைதானத்தைப் பார்த்த வராந்தாவில், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். கீழே பித்தளையில் எழுத்து: 'இதை மாற்றாமல் இருந்திருந்தால் ஜெயித்திருப்போம்.' பெட்டிக்குள் பந்துக்குத் தூக்கமே இல்லை. ஒரு மாதம் பொறுத்தது. பிறகு, பெட்டியைத் துடைக்கத் திறந்த ஆவுடையப்பனிடம் கொட்டிவிட்டது. "ஐயா, என்னை எடுக்கச் சொன்னதே நான்தான். தையலைப் பாருங்க."

ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. "என்ன பெருந்தன்மை! தன்னைக் கைவிட்டவனையும் காப்பாத்தப் பார்க்குதே!" என்றார். தையலைப் பார்க்கவில்லை. பித்தளையை மட்டும் இன்னும் பளபளவென்று தேய்த்துவிட்டுப் போனார்.

அடுத்த வருஷமும் இறுதிப் போட்டி வந்தது. புது கேப்டன் யோவான். எண்பது ஓவர் முடிந்தது. எதிரணிக்கு ஒன்பது ரன், ஊர் அணிக்கு ஒரு விக்கெட். அந்த வருஷத்துப் பந்து யோவான் கைக்கு வந்தபோதே அதன் தையல் பிரிந்து தொங்குவது கண்ணாடிக்குள் இருந்த பந்துக்குத் தெரிந்தது. "எடுத்துடுங்க! அதை எடுத்துடுங்க!" என்று கத்தியது. கண்ணாடியைத் தாண்டிச் சத்தம் போகவில்லை.

யோவான் உள்ளங்கையைப் பொத்தினார். "தாங்குவியா?"

அந்தப் பந்து விரலிடுக்கு வழியே வராந்தாவைப் பார்த்தது. வெயிலில் பித்தளை எழுத்து மின்னியது.

"தாங்குவேன் அண்ணாச்சி," என்றது.